ஆஞ்சலாவின் பெல்ட் பூட்டு

ஹெலிகாப்டர் வாங்க நினைக்கிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது சோற்றைக் குறைப்பது. சிரிக்காதீர்கள், இன்ஸ்பெக்டர் சார். இரண்டு பேர் உட்காரும் குட்டி ஹெலிகாப்டருக்கு எடைதான் எல்லாம். வாங்குவது என்று முடிவான நாளிலிருந்து காக்ஸ் டவுன் பிரியாணியை நான் தொடவில்லை. என் கூட்டாளி பாலசுப்ரமணியன் தொட்டான். அவன் தொப்பையையும் சேர்த்துத்தான் ஆஞ்சலா தூக்க வேண்டியிருந்தது.

ஆஞ்சலா என்றால் ஹெலிகாப்டர். பெயர் நான் வைத்தது.

பாலுவும் நானும் கல்லூரியிலிருந்தே ஒன்றாகத் திரிந்தவர்கள். அத்திபெலேவில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை நடத்தினோம். எங்களுக்குள் வந்த ஒரே சண்டை சீட்டைப் பற்றியது.

"நாலு சீட்டா வாங்கலாம்டா ஆம்ப்ரோஸ். உஷா, ஜூடித் எல்லாரையும் கூட்டிட்டுப் போலாம்" என்றான். உஷா அவன் மனைவி, ஜூடித் என் மனைவி.

"குடும்பத்துக்கு இன்னோவா இருக்குல்ல. இது நமக்குடா" என்றேன்.

நமக்கு என்று நான் சொன்னது எனக்கு என்ற பொருளில். ஓட்டக் கற்று லைசென்ஸ் எடுத்தவன் நான் மட்டும்தான். ஆனால் காகிதமெல்லாம் பாலு பெயரில் இருந்தது. அனுமதிக்கு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவன் அவன். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

குடோனுக்குப் பின்னால் வந்து இறங்கினாள் சார், சிவப்பாக, தட்டான்பூச்சி மாதிரி. இடது கைப்பக்கம் ஒரு லிவர் இருக்கும். அதை மெல்லத் தூக்கினால் தரை நம்மை விட்டுவிடும். அடடா, அப்போது வயிற்றுக்குள் ஒரு கூச்சம் கிளம்பும் பாருங்கள், கல்யாணத்தன்றுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை. ஓசூர் ரோட்டில் லாரியும் பஸ்ஸும் நகராமல் நின்றிருந்தன. நான் மேலேயிருந்து பைத்தியக்காரன் போலச் சிரித்தேன். இறங்கிய பிறகும் சிரிப்பு நிற்கவில்லை.

"கட்டின பொண்டாட்டிக்கு ஒரு காபி போட்டுத் தந்ததில்ல, அதை மட்டும் தினம் குளிப்பாட்டுறீங்க" என்றாள் ஜூடித். நியாயமான புகார்தான். ஆஞ்சலாவை வேறு யார் துடைத்தாலும் எனக்குப் பிடிக்காது.

எங்கள் ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போனார். பாலுவுக்கு அது போதவில்லை. ஆயுத பூஜைக்கு அவனும் உஷாவும் வந்து, சக்கரமே இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் கீழே இருக்கும் கால்கம்பிக்கு அடியில் செருகினார்கள். உஷா கையால் அரைத்த சந்தனத்தை மீட்டர், லிவர், பெல்ட் பூட்டு என்று ஒன்றுவிடாமல் பூசினான் பாலு. பிறகு நான் கிளப்பினேன். ஆஞ்சலா மேலே எழும்புகிறவள், உருளுகிறவள் இல்லை. பழம் நசுங்காமல் முழுசாகக் கிடந்தது.

உஷாவின் முகம் சுண்டிப்போயிற்று. "நசுங்கலைன்னா திருஷ்டி கழியலைன்னு அர்த்தம்ணா. இனிமே இது வேணாம்ணா" என்றாள். அதன்பின் நாங்கள் பறக்கும்போதெல்லாம், இறங்கும்வரை அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லையாம். பாலுவால் அதைத் தாங்க முடியவில்லை. விற்கப்போவதாகச் சொன்னான்.

உன் பாகத்தையும் நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

"நீ தனியாப் போய் ஏதாவது ஆச்சுன்னா நான் என்னடா பண்ணுவேன்? எனக்கு இருக்கிறது நீ ஒருத்தன்தான். பேசாம வித்துடலாம்" என்று என் தோளில் கை போட்டுக்கொண்டான். கோயம்புத்தூர் பார்ட்டி ஒன்றையும் பிடித்துவிட்டிருந்தான்.

எனக்குக் கோபமே வரவில்லை சார். பாலு நல்லவன். ஆனால் ஆஞ்சலாவை முன்பின் தெரியாதவன் துடைப்பதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் இல்லாவிட்டால் ஆஞ்சலா உஷாவுக்குப் போவாள். உஷா எதையும் என்னைக் கேட்டுத்தான் செய்வாள்.

கோயம்புத்தூர்க்காரர் மேலேயிருந்து எடுத்த வீடியோ கேட்டார். கதவைக் கழற்றினால் படம் நன்றாக வரும் என்று நான்தான் சொன்னேன். அது உண்மையும்கூட. பெல்ட் பூட்டில் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தமாக்கினேன். எதையும் அழுக்காக விடுவது என் வழக்கமில்லை. பாலு என் இடப்பக்கத்து சீட்டில் ஏறி பெல்ட்டை மாட்டியபோது பூட்டு டக்கென்று விழுந்தது.

தைலமரத் தோப்புக்கு மேலே போனதும் அவன் இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு வெளியே குனிந்தான்.

"சூப்பரா இருக்குடா. விக்கவே மனசு வரல" என்றான்.

மனசு வராவிட்டாலும் விற்றுவிடுவான், உஷாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். நான் லிவரிலிருந்து இடது கையை எடுத்தேன். உடனே வைத்துவிட்டேன். பிறகு ஆஞ்சலாவை இடப்பக்கம் சாய்த்தேன்.

பாலு போனதும் அவள் குபுக்கென்று மேலே எழும்பினாள். எடை குறைந்துவிட்டதல்லவா. அத்தனை சந்தோஷமாக அவள் எழும்பி நான் பார்த்ததே இல்லை. என்னையும் மீறி எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

விசாரிக்க வந்தவர்கள் பூட்டின் இடுக்கில் துளி சந்தனத்தைக் கண்டுபிடித்தார்கள். அதனால் பூட்டு சரியாக விழவில்லை என்று முடிவு கட்டினார்கள். அவர்களில் ஒருவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "ஹோக்லி பிடி சார், போகட்டும் விடுங்க, மிஷின் தப்பு. நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார்.

உஷா ஜூடித்தின் மடியில் விழுந்து அழுதாள். "நான் அரைச்ச சந்தனமே அவரைக் கொன்னுடுச்சேக்கா" என்றாள். பாவமாக இருந்தது. டீ போட்டுக் கொடுக்கச் சொன்னேன்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன் சார். ஆனால் டிவியில் கொலைகார ஹெலிகாப்டர் என்றார்கள். இன்று காலை உங்கள் ஸ்டேஷனுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். பிடிபட்ட ஆட்டோக்களுக்கு நடுவில், மழையில் நனைந்துகொண்டு, காக்கை எச்சத்தோடு நிற்கிறாள். செய்யாத குற்றத்துக்கு. அதனால்தான் வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். அவள் பூட்டில் ஒரு கோளாறும் இல்லை. அது நன்றாகத்தான் பூட்டியிருந்தது. நான்தான் அழுத்தித் திறந்தேன்.

உஷாவுக்கும் சொல்லி அனுப்புங்கள், சந்தனத்தின்மேல் தப்பில்லை என்று. இனியாவது அவள் நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கட்டும். நாலு நாள் போனதும் ஆஞ்சலாவை என் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம் என்றிருக்கிறேன். உஷா தங்கமான பெண், என் பேச்சைத் தட்டவே மாட்டாள்.