பழைய கியர்பாக்ஸுக்குப் புது ஆயில்

கியர்பாக்ஸ் கோளாறோட வர்றவங்க ஒருத்தர் சொல்ற மாதிரி இன்னொருத்தர் சொல்றதில்ல, சார். ஒருத்தர் வண்டி யோசிக்குதும்பார். ஒருத்தர் பின்னாலேருந்து யாரோ எட்டி உதைக்கிற மாதிரி இருக்கும்பார். ஒரு அம்மா, என் வண்டிக்கு மூச்சு வாங்குதுப்பான்னாங்க. எல்லாரும் சொல்றது சரிதான், நாமதான் பொறுமையா கேக்கணும். எனக்குப் பொறுமை அதிகம். நீங்களும் நிதானமா எழுதிக்குங்க, நான் எங்கயும் ஓடிப்போகப் போறதில்ல.

எங்க தெரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் என் பட்டறைக்கு வந்தப்ப தெளிவாத்தான் சொன்னார். "மச்சான், வேகம் எடுக்கிறப்ப நடுவுல ஒரு இடத்துல இஞ்சின் சும்மா கத்துது. அப்புறம் மடார்னு ஒரு இழுப்பு." கண் பரிசோதிக்கிற மனுஷன், எதையும் உன்னிப்பா கவனிப்பார். ஆனா அந்த மச்சான் இருக்கே, அதுதான் எனக்கு ஆகல. கல்யாணமே இன்னும் ஆகல, அதுக்குள்ள என்ன மச்சான்?

அவர் கட்டிக்கப் போறது என் தங்கச்சியை. அவளுக்கு நாப்பது தாண்டியாச்சு. அப்பா அம்மா போனப்புறம் வளர்த்து ஆளாக்கினது நான்தான். அவளுக்காகத்தான் நான் ஒரு கல்யாணம் காட்சின்னு பாக்கல. அவளும் அப்படித்தான் இருந்தா, எழுத்து மங்கலா தெரியுதுன்னு அந்தக் கடைக்குப் போற வரைக்கும். கண்ணாடியை மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால வளைவைச் சரிபண்ணிக் குடுத்தாராம். சொல்றப்பவே அவ முகத்துல ஒரு சிரிப்பு. எனக்கு வயிறு எரிஞ்சுது. மறைக்க என்ன இருக்கு.

மனைவியை இழந்தவர், நல்ல மனுஷன், தெருவே சொல்லுது. கல்யாணம் முடிஞ்சதும் கடை மாடியில குடியிருக்கறதுன்னு ரெண்டு பேரும் பேசி முடிச்சிருந்தாங்க. எங்கிட்ட யாரும் கேக்கல, சொன்னாங்க. "வாரத்துக்கு ஒருநாள் நீ சாப்பிட வந்துடு அண்ணா"ன்னா. என் சமையல்கட்டுல நின்னுக்கிட்டு என்னையே விருந்தாளியா கூப்பிடறா.

சரி, வண்டிக்கு வர்றேன். ரொம்பப் பழைய ஆட்டோமேட்டிக் கார், கியர் தானா மாறும். அவரை ஓட்டச் சொல்லிட்டு, பக்கத்துல கண்ணை மூடிக்கிட்டு உக்காந்தேன். குளிர்ந்து கிடக்கறப்ப ஒழுங்கா கியர் மாறுது, சூடேறினா தடுமாறுது. பட்டறைக்கு வந்து, இஞ்சினை ஓடவிட்டபடியே கியர்பாக்ஸ்ல ஆயில் அளவு பாக்கற குச்சியை உருவி வெள்ளைத் துணியில துடைச்சேன். சிவப்பா இருக்கவேண்டியது கன்னங்கரேல்னு, தீஞ்ச வாசனையோட இருந்தது. அப்புறம் ஆக்ஸிலேட்டர்லேருந்து கியர்பாக்ஸுக்குப் போற கேபிளைப் பாத்தேன், தொளதொளன்னு கிடந்தது. கோளாறு அதுதான். இழுத்து முடுக்கினா வேலை முடிஞ்சது. முடுக்கினேன், கியர் அழகா மாறிச்சு. அத்தோட அனுப்பியிருக்கலாம்.

அந்தப் பெட்டிக்குள்ள தகடுங்க இருக்கு சார். ஒண்ணை ஒண்ணு கவ்விப் பிடிச்சாத்தான் சக்கரம் சுத்தும். வருஷக்கணக்கா தேஞ்ச தகட்டோட பொடியெல்லாம் அந்தக் கருப்பு ஆயில்லதான் கலந்திருக்கும். அந்த அழுக்குதான் பிடிப்பே. அதைக் கழுவி எடுத்துட்டு புதுசு ஊத்தினா, கொஞ்ச நாள் வண்டி சொன்னபடி கேக்கும். அப்புறம் தகடு வழுக்க ஆரம்பிக்கும். இஞ்சின் அலறும், வண்டி நகராது. அதனால இந்த நிலைமைக்கு வந்த வண்டியில ஆயிலைத் தொடாதீங்கன்னு வர்றவங்க கிட்டயெல்லாம் தொண்டை வறள சொல்லுவேன். வீட்டுல சாப்பிட உக்காந்தாலும் இதே புராணம்தான். "போதும் அண்ணா, சாப்பாடு ஆறுது"ம்பா தங்கச்சி.

அவர் வண்டிக்கு நான் ஆயிலை மாத்தினேன். உள்ள ஒரு சொட்டு மிச்சமில்லாம கழுவி, நல்ல ஆயிலா, சரியான அளவு ஊத்தினேன்.

வண்டி எங்கயாவது நின்னு அவர் முழிக்கணும், அவ்வளவுதான் நினைச்சேன். ஒரு வண்டியை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதவர் நம்மள எப்படி வெச்சுக்குவார்னு அவளுக்குத் தோணட்டுமேன்னு. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனா அன்னியிலேருந்து அவளை அந்த வண்டியில நான் ஏற விடல. கடைத்தெருவுக்குக் கிளம்பினா நானே என் ஸ்கூட்டர்ல கொண்டுபோய் விட்டேன். அவரோட வெளிய போறேன்னா அன்னிக்குன்னு பாத்து வீட்டுல அவளுக்கு ஒரு வேலை வெச்சிருப்பேன்.

அப்புறம் அவர் திரும்பி வந்தார். "மொதல்ல அருமையா இருந்துச்சு மச்சான். இப்ப சூடானா லேசா வழுக்குது." நானே ஓட்டிப் பாத்தேன். அவர் தெரு பெரிய ரோட்டுல சேர்ற முனை உங்களுக்குத் தெரியும். லாரிங்க பறக்கும், குறுக்க பாஞ்சுதான் வலதுபக்கம் திரும்பணும். வண்டிங்க வராத நேரமா பாத்து, அங்க நின்னு அழுத்தினேன். இஞ்சின் கத்திச்சு. வண்டி தயங்கித் தயங்கி நடுரோடு வரைக்கும் போய், அப்புறம்தான் இழுத்தது. பக்கத்துல அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சிருந்தார்.

"பயமா இருக்கே மச்சான். விட்டுட்டுப் போகட்டுமா?"

சாவியை வாங்கி வெச்சிருக்கணும். யாரோ எவரோ வந்திருந்தா வாங்கி வெச்சிருப்பேன்.

"புது ஆயில். பழகறதுக்குக் கொஞ்ச நாள் ஆகும். அந்த முனையில மட்டும் யோசிக்காதீங்க, தைரியமா அழுத்துங்க"ன்னேன்.

"நீங்க சொன்னா சரி"ன்னார்.

மறுநாள் கல்யாணத்தைப் பதிவு பண்ண ரெண்டு பேரும் போறதா இருந்தாங்க. தங்கச்சி புதுப் புடவை கட்டிக்கிட்டு வாசல்ல நின்னா. வெளிய அவர் வண்டியை ஓடவிட்டுக்கிட்டே காத்திருந்தார். நான் சுவரைப் பிடிச்சுக்கிட்டு, தலை சுத்துதுன்னு உக்காந்தேன். அவ செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்தா. "நீங்க போய் வேற நாள் மட்டும் கேட்டுட்டு வாங்க, அண்ணனுக்கு முடியல"ன்னு அவரை அனுப்பிட்டா. அவர் இறங்கி வந்து என் நெத்தியைத் தொட்டுப் பாத்தார். "பாத்துக்கோ"ன்னு அவகிட்ட சொல்லிட்டுக் கடைக்குப் போனார், எதையோ எடுத்துக்கிட்டுப் போக. கடையிலேருந்து கிளம்பினா அந்த முனை.

லாரிக்காரனை விட்டுடுங்க சார். நடுரோட்டுல ஒரு வண்டி அப்படியே நின்னா அவன் என்ன பண்ணுவான்? பாவம், ஓரமா உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டு அழுதான்னு கேள்விப்பட்டேன்.

விபத்துக்கப்புறம் உங்க ஆளு வண்டியைப் பிரிச்சுப் பாத்தார். ஆயில் புதுசு, அளவு சரி, கேபிள் சரி, தேஞ்சுபோன பழைய வண்டி, மெக்கானிக் மேல குத்தம் இல்லன்னு எழுதிட்டார். அவர் எழுதினது தப்பில்ல. ஊர்ல எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவான்.

தங்கச்சிதான் விடல. அவ அழக்கூட இல்ல. என் எதிர்ல வந்து உக்காந்தா.

"ஆயில் மாத்தினியா?"

"மாத்தினேன்."

"நீ மாத்த மாட்டியே அண்ணா."

அடுத்ததையும் அவளே கேட்டா.

"என்னை ஏன் ஏற விடல?"

நேரா எழுந்து இந்த ஸ்டேஷனுக்கு வந்துட்டா. துக்கத்துல ஏதோ உளர்றான்னு உங்க ஆளுங்க அவளைத் திருப்பி அனுப்பினாங்களாம். அதைக் கேட்டதும்தான் சார் எனக்குத் தாங்கல. அவ உளர்றவ இல்ல. பொய் சொல்லத் தெரியாது அவளுக்கு. நான் வளர்த்த பொண்ணு. அவ சொன்னது அத்தனையும் உண்மை. அந்த முனையில வண்டி நிக்கும்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் அழுத்தச் சொன்னேன். அவரைக் கொன்னது நான்தான். அவ சொன்னதை எழுதி, அதுக்குக் கீழயே இதையும் எழுதிக்குங்க, கையெழுத்துப் போடறேன்.

இப்பக் கோவமா இருப்பா. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான், ரெண்டு நாள் பேசமாட்டா, மூணாம் நாள் தட்டைக் கொண்டுவந்து முன்னால வைப்பா. வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காளான்னு கொஞ்சம் பாருங்க சார். இருப்பா. என்னை விட்டா அவளுக்கு வேற யார் இருக்கா?