நாளைக்கு எத்தனை பேருக்குச் சமையல் என்று கேட்ட கிணற்றக்காவுக்கு

ஆழம் கண்டு அஞ்சாத அறிவே! எண்ணெய்ப் பீப்பாய் விலை ஏறி இறங்கி எல்லாரையும் ஆட்டிவைத்தபோதும் ஆடாத பேனாவே! எங்கள் எரிசக்தி வார இதழின் துளைப்பணிப் பக்கத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாங்கிய தூணே! எண்ணெய்க் கிணறுகளைப் பற்றியே எந்நேரமும் பேசியதால் ஊரே உரிமையோடு "கிணற்றக்கா" என்றழைக்கும் எங்கள் அக்காவே!

மகிழ்ச்சியாக எழுதவே உட்கார்ந்தோம், முடியவில்லை. நாளை முதல் உங்கள் மேசையோடு உங்கள் பக்கமும் போகிறது. எண்ணெய்க் கிணறு துளைக்கும் ரிக் எந்திரம் ஒன்றுகூட ஓடாத வட்டாரத்துக்கு ரிக் செய்தி எதற்கு என்று நிர்வாகம் கேட்கிறது.

எந்த ரிக் துளையிடுகிறது, எது நிற்கிறது, பீப்பாய் என்ன விலை: வாராவாரம் நீங்கள் தந்த அந்தச் சின்னக் கட்டத்தைப் பார்த்துத்தான் லேத் பட்டறைக்காரர் ஆளெடுத்தார், வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார், பெண்ணைப் பெற்றவர் சம்பந்தத்துக்குச் சம்மதம் சொன்னார். ஊரின் நாடி உங்கள் விரலடியில் துடித்தது.

அந்த நாடியை நீங்கள் பிடித்த விதம்தான் என்னே! ரிக் நின்றுபோகும் தறுவாயிலும் மேலாளர்கள் "பராமரிப்புப் பணி" என்பார்கள். நீங்கள் "அப்படியா சார்" என்று போனை வைத்துவிட்டு, ரிக் தொழிலாளர் முகாமின் சமையற்கட்டுக்கு அடுத்த அழைப்பைப் போடுவீர்கள். "அண்ணே, நாளைக்கு எத்தனை பேருக்குச் சமையல்?" அவர் பெருமூச்சு விட்டு, "எங்கம்மா, பாதி உலைதான் வைக்கச் சொல்லியிருக்காங்க" என்றால், கட்டத்தில் ஒரு ரிக் குறையும். வீட்டிலும் நீங்கள் போனில் இதே கேள்வியைக் கேட்பதைக் கேட்டுக் கேட்டு, உங்கள் தம்பி விளையாட்டாக உங்களைப் போலவே பேசிக்காட்டுவாராம்.

அந்தத் தம்பி வேலை பார்த்த ரிக்கின் சமையற்கட்டிலிருந்தும் ஒரு நாள் அதே பெருமூச்சு வந்தது. அவருக்கு அடுத்த மாதம் கல்யாணம். நீங்கள் அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் கட்டத்தை நிரப்பி அச்சுக்கு அனுப்பினீர்கள். மறுநாள் காலை, உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், உங்கள் கண்ணெதிரே அவர் அதைப் படித்தார்.

"நீ எனக்கு அக்காவா, பேப்பருக்கு அக்காவா?"

"உனக்கு மட்டும் முன்னாடியே சொல்லியிருந்தா, அங்க இருக்கிற மத்தவங்க வீட்டுக்கு நான் என்னடா பதில் சொல்றது?"

தம்பி பெட்டியைக் கட்டினார். கல்யாணம் குறித்த நாளில் நடந்தது; உங்களுக்கு அழைப்பு வரவில்லை. ஒரே ஒரு முறை, தேநீர் ஆறிப்போகும் வரை எங்களிடம் இதைச் சொன்னீர்கள். "சரியாத்தான் செஞ்சேன். ஆனா இன்னும் வலிக்குது" என்று எழுந்துபோனீர்கள். அந்த வலியோடும் அடுத்த வாரக் கட்டம் தவறாமல் வந்தது. நேர்மைக்கு இலக்கணம் எழுத எங்களுக்குத் தெரியாது, அக்கா. அதன் விலை என்னவென்று அன்று தெரிந்தது.

போன வாரம் கடைசி ரிக்கும் நின்றது. "தற்காலிகமாக" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளலாமே என்றார் ஆசிரியர். "பொய்க்கு எதுக்கு சார் மெத்தை போடணும்?" என்று கேட்டு, "இயங்குபவை: இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டீர்கள். அன்று அலுவலகத்தில் யாரும் மதியச் சாப்பாட்டைத் திறக்கவில்லை.

அஞ்சா நெஞ்சமே! அன்பின் சுரங்கமே! இனியேனும் விலைநிலவரம் கேளாமல் விடியும் காலைகள் உங்களுக்கு வாய்க்கட்டும். உடல் நலிவின்றி, உறக்கம் குறைவின்றி, பல்லாண்டு வாழ்க!

இன்னும் ஒரு செய்தி. உங்களைக் கேட்காமல் உங்கள் தம்பியிடம் தொலைபேசியில் பேசி, உங்களுக்கான இந்தப் பிரியாவிடை விருந்துக்கு அழைத்தோம். "எத்தனை பேருக்குச் சாப்பாடு சொல்லியிருக்கீங்க?" என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இம்மடலை எழுதும் இந்நேரம் வரை எங்களுக்கு வேறெதுவும் தெரியாது. மேடையில் சொல்வதை நம்பாமல் சமையற்கட்டில் கேட்கப் பழக்கியவர் நீங்கள். கூடத்தின் பின்கட்டில் சமையல்காரர் இருக்கிறார். கேட்டுப் பாருங்கள் அக்கா. ஒரு சாப்பாடு கூடுதலாகச் சொல்லியிருக்கிறோம்.

கனத்த நெஞ்சோடு,
உங்கள் பக்கத்து மேசைக்காரர்கள்,
செய்திப் பிரிவு, அச்சுப் பிரிவு, வாகனப் பிரிவு ஊழியர்கள்