ஒரு காசு இடைவெளி

உளி: வீடியோவை இன்னொரு தடவை போடு.

கேமரா: நாலு தடவை போட்டாச்சு. இங்க கேளு. நீ இழைக்கிறதை நிறுத்தறே... ம்... இதோ, தட்டற சத்தம். ரெண்டு வேகமா, ஒண்ணு மெதுவா.

உளி: என் சுத்தியலா இருக்கும்.

கேமரா: சுத்தியல் ஆணியில தொங்குது, படத்துலயே தெரியுது பாரு. உன் ரெண்டு கையும் பலகை மேல. மூணாவது கை ஏதாவது வளர்க்கறியா?

உளி: அப்ப மாடியில யாராவது...

கேமரா: நம்ம பட்டறைக்கு ஏதுடா மாடி? தகரக் கூரை!

உளி: சரி, சேனல்ல போடறதுக்கு முன்னாடி அந்த இடத்தை வெட்டித் தூக்கிடு. யாருக்குத் தெரியப் போகுது?

கேமரா: தங்கச்சிக்கு அனுப்பிட்டேன்.

உளி: அடப்பாவி! நம்ம கூட்டாளி பாலிஷோட பொண்டாட்டிக்கா? முழுசா பார்க்காமலேயா?

கேமரா: பாப்பாவோட மேசை எப்படி வந்திருக்குன்னு காலையிலேருந்து கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அனுப்பினேன். பதில் வந்திருக்கு... நீயே படி.

உளி: "அண்ணா, மேசை ரொம்ப அழகா இருக்கு. அவர் வீட்டுக்கு வந்தா இப்படித்தான் கதவைத் தட்டுவார். யாருண்ணா தட்டறது?"... டேய், இந்த மேசையை இப்பவே பிளந்துடறேன்!

கேமரா: முதல்ல அந்த உளியைக் கீழே வை.

உளி: மேசையாக்காம அந்தக் கதவை எரிச்சிருக்கணும். அவன் செத்த அன்னிக்கே சொன்னேன்.

கேமரா: தங்கச்சிதானே கேட்டுச்சு? அவர் கடைசியா கை வச்ச மரம், அதுலயே பாப்பாவுக்குப் படிக்கிற மேசை செஞ்சு கொடுங்கன்னு. முடியாதுன்னா காரணம் கேட்காதா?

உளி: சொல்லியிருக்கலாம். "தங்கச்சி, உன் வீட்டுக்காரன் தாழ்ப்பாள் போட்டுக்கல. வார்னிஷ் ரூமுக்கு நான் செஞ்ச கதவு மழையில உப்பி இறுகிடுச்சு"ன்னு.

கேமரா: மெதுவா பேசு.

உளி: கதவுக்கும் நிலைக்கும் நடுவுல ஒரு காசு நுழையற இடைவெளி விடணும். பதினஞ்சு வருஷமா விட்டவன் நான். நீதான், வெளிச்சம் கசியுது, படத்துல அசிங்கமா தெரியுது, நெருக்கிப் பிடின்னு...

கேமரா: நெருக்கினது உன் கை.

உளி: அந்தக் கதவு வீடியோதான் நம்ம சேனல்லயே அதிகம் பேர் பார்த்தது. ஒரு தாள்கூட நுழையாதுன்னு எத்தனை பாராட்டு!

கேமரா: விடுடா...

உளி: நெடி தாங்காம உள்ளேயே கிடந்தான். கடப்பாரை போட்டுப் பெயர்த்தப்ப தாழ்ப்பாள் திறந்தே இருந்துச்சு. நீயும் பார்த்தே. அவனே தாழ் போட்டுக்கிட்டான்னு எல்லார்கிட்டயும் சொன்னோம்.

கேமரா: சொன்னோம், ஆச்சு. ஏழு மாசமும் ஆச்சு.

உளி: நாளைக்கு மேசையை எடுக்க வருதில்ல, அப்ப சொல்லிடப் போறேன்.

கேமரா: பைத்தியமா? அப்புறம் பாப்பா நம்மளை மாமான்னு கூப்பிடுமா?

உளி: கூப்பிட வேண்டாம். ஆறவே மாட்டேங்குதுடா... அன்னிக்கு நம்மள்ல ஒருத்தர் வெளிய நின்னிருந்தாப் போதும். நான் மரக்கடையில. நீ பேட்டரி வாங்கப் போயிட்டே.

கேமரா: மைக்கை மேசை மேல வைக்கிறேன். கடைசி ஷாட்டுக்குச் சத்தமில்லாத ஒரு நிமிஷம் வேணும். வாயை மூடிக்கிட்டு நில்லு.

உளி: ...

கேமரா: ...

உளி: கேட்டுச்சா?

கேமரா: ஷ்...

உளி: டேய், மேசைக்குள்ளேருந்துடா! ரெண்டு வேகமா... ஒண்ணு...

கேமரா: கொஞ்சம் சும்மா இருடா, ரெக்கார்டிங் ஓடுது!

உளி: ...நின்னுடுச்சு. டேய்... நீ என்னைப் பார்த்துச் சொல்லல. மேசையைப் பார்த்துச் சொன்னே. சொன்னதும் எப்படி நின்னுச்சு?

கேமரா: பேட்டரி வாங்க நான் போகவே இல்ல. கதவுக்கு வெளிய நின்னு மழைச் சத்தத்தைப் பதிவு பண்ணிக்கிட்டிருந்தேன். உள்ளேருந்து அவன் இப்படித்தான் தட்டினான். விளையாடறான்னு நினைச்சு இதையேதான் சொன்னேன்... அன்னிக்கும் உடனே நின்னுடுச்சு.