ஊமைவாள் யாருக்குச் சொந்தம்

கதை நடந்த நேரம் பகல் பன்னிரண்டு மணி. பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? விளக்கு எரியட்டும். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், போதும். இது என் சிநேகிதனின் அக்காவுக்கு நடந்தது.

ஊருக்கு வெளியே, செங்கல் சூளைகளைத் தாண்டி, ஒரு தனிச் சாலை. மண்டையைப் பிளக்கிற வெயில். எதிரே ஒரு வண்டி இல்லை, ஒரு காக்கை இல்லை... அக்கா ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தாள். அவள் வக்கீல். பயந்த சுபாவம் கிடையாது. எதிர்த்தரப்பு வக்கீல்கள்தான் அவளைக் கண்டு பயப்படுவார்கள். அன்று கோர்ட் அவளை ஆணையராக நியமித்து அனுப்பியிருந்தது. பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டைத் திறந்து, உள்ளே இருக்கும் வாளை அளந்து, படம் எடுத்து, பெட்டியில் வைத்து சீல் போட்டுக் கொண்டுவர வேண்டும்.

சாதாரண வாள் இல்லை. ஊமைவாள். உறையிலிருந்து உருவினால் சத்தமே வராது என்பார்கள். முன்னொரு காலத்தில் ஒரு போர்வீரன் அந்த வாளோடு ஆற்றுத் துறையில் தன்னந்தனியாக நின்று, விடிய விடிய எதிரிப்படையைத் தடுத்தானாம். விடிந்தபோது அவன் சேற்றில் கிடந்தான். அவனுடைய படைத்தலைவன் வந்தான், வாளை எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து அது அந்தத் தலைவனின் பரம்பரையில்தான். இப்போது அந்தக் குடும்பத்துப் பெரியப்பா மகனும் சித்தப்பா மகளும் அதற்காகக் குடுமிப்பிடிச் சண்டையில் இறங்கியிருந்தார்கள். "தாத்தா எங்கப்பாவுக்கு உயில் எழுதி வச்சாரு" என்று அண்ணன். "முப்பது வருஷமா எங்க வீட்டுலதானே இருக்கு" என்று தங்கை.

இரண்டு பேரும் பன்னிரண்டுக்கு வருவதாகப் பேச்சு. வரவில்லை. வாசலில் வெந்து சாக முடியாமல், கோர்ட் கொடுத்த சாவியால் அக்காவே திறந்து உள்ளே போனாள்.

தூசி வாடை. கூடத்து மேஜைமேல் நீளமாக ஒரு பெட்டி, உள்ளே உறையோடு வாள். டேப்பை எடுத்து அளந்தாள், குறித்தாள். அப்புறம் கைப்பிடியைப் பற்றி உருவினாள்...

சத்தம் இல்லை.

திரும்ப உறையில் போட்டு உருவினாள். இல்லை. அவள் வளையல் மேஜையில் இடித்தது. அந்தச் சத்தமும் இல்லை. அப்போதுதான் மூக்கில் ஏறியது, ஆற்றுச் சேற்றின் நாற்றம், அழுகிய நாணல்... சுற்றுவட்டாரத்தில் ஒரு குட்டைகூடக் கிடையாது.

"அம்மா... நான் சொல்றதையும் எழுதிக்கிறீங்களா?"

வாசற்படியில் ஒருவர். முப்பது வயது இருக்கும். இடுப்புவரை நனைந்திருந்தார். வாட்ச்மேன் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

"நீங்க யாருங்க? இந்த வீட்டு ஆளா?"

"இல்லைங்கம்மா. அந்த வாள் என்னோடது."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. இருக்கிற இரண்டு பேர் போதாதென்று மூன்றாவதா!

"காகிதம், பத்திரம் ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?"

"இல்லைம்மா. ஆனா நான் யாருக்கும் கொடுக்கல. விழுந்து கெடந்தேன். விரலை ஒண்ணொண்ணாப் பிரிச்சு எடுத்தாங்க." வாளைப் பார்த்தார். "அப்படி எடுத்தவன், அதை எப்படிம்மா தன் புள்ளைக்கு எழுதி வைப்பான்?"

அவள் பேனா அப்படியே நின்றது. சட்டம் படித்த முதல் வருடமே மனப்பாடம் செய்தது அது. தனக்கு இல்லாத உரிமையை ஒருவன் அடுத்தவனுக்குக் கொடுக்க முடியாது. குனிந்து ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். நிமிர்ந்தபோது வாசற்படியில் ஆள் இல்லை. படியில் ஒரு சொட்டு ஈரமும் இல்லை.

வெளியே கார் சத்தம். அண்ணனும் தங்கையும் அடுத்தடுத்து வந்து இறங்கினார்கள்.

"வாட்ச்மேன் எங்க போனாரு?" என்று அக்கா கேட்டாள்.

"வாட்ச்மேனா? இங்க அப்படி யாரும் கிடையாதே மேடம்" என்றார்கள் இருவரும். வழக்கு தொடங்கிய நாளிலிருந்து அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

அக்காவின் சீனியர் வக்கீல் அவள் எழுதிய அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு மேஜையில் வைத்தார். "உன்னை அளக்கத்தானேம்மா அனுப்பினாங்க? வழக்குலயே இல்லாத ஆளு சொன்னதைப் போட்டா, ஜட்ஜ் உன்னைத்தான் ஒரு மாதிரியாப் பார்ப்பாரு. கிழிச்சுப் போடு."

கிழித்துப் போட்டாள்.

அன்றிலிருந்து அவள் தூக்கம் போயிற்று. கண் அசந்தால் வலது கை தானாக இறுக மூடிக்கொள்ளும். ஒருநாள் அவள் கணவர், நகம் உள்ளங்கையைக் கிழிக்கிறதே என்று, விரல்களை மெதுவாகப் பிரிக்கப் பார்த்தார். ஒன்று... இரண்டு... மூன்றாவது விரலில் அவள் போட்ட அலறலில் பக்கத்து வீட்டு விளக்கெல்லாம் எரிந்தது.

தீர்ப்பு நாள் வந்தது. பெயர் கெட்டாலும் கெடட்டும், இனிமேல் முடியாது என்று அவள் அந்த வாக்குமூலத்தை நினைவிலிருந்து மறுபடி எழுதி எடுத்துப் போனாள். முன் வரிசையில் உட்கார்ந்தாள். சீல் வைத்த பெட்டி நீதிபதிக்கு முன்னால் இருந்தது.

டவாலி வழக்கைக் கூப்பிட்டான். அண்ணன் பெயர். அவர் எழுந்து நின்றார். தங்கை பெயர். அவளும் எழுந்தாள். அக்கா காகிதத்தோடு எழப்போனாள்...

டவாலி மூன்றாவதாக ஒரு பெயரைக் கூப்பிட்டான். யாரும் கேள்விப்படாத, பழங்காலத்துப் பெயர்.

"யோவ், லிஸ்ட்ல ரெண்டு பேர்தானே?" என்று குமாஸ்தா பல்லைக் கடித்தார்.

டவாலி முழித்தான். "நானா... நானா சார் கூப்பிட்டேன்?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். அப்போது பதில் வந்தது.

"இருக்கேன் ஐயா."

எல்லோரும் வராந்தாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா மட்டும் திரும்பவில்லை. அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அது வந்தது வராந்தாவிலிருந்து இல்லை...

சீல் வைத்த பெட்டிக்குள்ளேயிருந்து.