இரண்டு யானைக்கும் ஊற்றிய தண்ணீர்

செல்போன் வெளிச்சத்தை அணையுங்கள். சிரிக்கிறவன் இப்போதே எழுந்து வீட்டுக்குப் போகலாம்.

மத்தியானம் இரண்டு மணி. ரப்பர் தோட்டத்து ரோட்டில் ஈ, காக்கை இல்லை. என் நண்பன் மோ ஊவின் அக்கா சான் மியா தனியாகப் போகிறாள். வீட்டில் அவள் மகன் லின்னுக்கு இறங்காத காய்ச்சல். டாக்டர் கையை விரித்துவிட்டார்.

இனி மலை மாதிரிப் படுத்திருக்கிற நம்ம புத்தர்தான் கதி... அவர் காலடியில்தானே கிழமைக்கு ஒரு மிருகச் சிலை; பிறந்த கிழமைச் சிலைக்குத் தண்ணீர் ஊற்றி வேண்டுவோம். புதனுக்கு மட்டும் இரண்டு. காலையில் பிறந்தால் கொம்புள்ள யானை. உச்சிப்பொழுது சாய்ந்து பிறந்தால் ராகுவின் கொம்பில்லாத யானை. லின் பிறந்தது புதன், ஆலைச் சங்கு ஊதிக்கொண்டிருந்த நடுமத்தியானம்.

எந்த யானைக்கு ஊற்றுவது? எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டுக்கும் ஊற்றினாள், முட்டாள்!

ராகு யானைக்குக் கடைசிக் குவளை... பின்னால் சளக், சளக் என்று ஈரக்கால் சத்தம். அழுகின மல்லிகை வாடை.

"எம்புள்ளைக்கு நீ எதுக்குடி தண்ணி ஊத்துறே?"

"இது என் மகனுக்குக்கா..."

"காலைல உம்மகன். அப்புறம்?"

திரும்பினாள். ஆள் இல்லை. கொதிக்கிற தரையில் ஈரச் சுவடுகள் மட்டும்.

"புத்தர் கோயில்லயா பேயி? அவரு சும்மா இருந்தாராக்கும்?" என்று குறுக்கே கேட்கிறான், இங்கே உட்கார்ந்திருக்கிற நம்ம பயல் யான். கண்ணைத் திறந்தபடி படுத்தேதான் இருந்தாரடா!

வீட்டில் காய்ச்சல் விட்டிருந்தது. பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். மறுநாள் மத்தியானச் சங்கு ஊதியதும், சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டைத் தள்ளினான்.

"நீங்க யாரு? எங்கம்மா எங்க?"

இருட்டும்வரை வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். விடிந்ததும் "அம்மா" என்று ஓடி வந்தான். அப்புறம் தினமும் இதேதான்.

ஒரு மத்தியானம் அவனை அறையில் விட்டுப் பூட்டினாள். உள்ளே, அம்மாக்கள் பிள்ளைகள் கன்னத்தில் பூச அரைக்கிற தனக்காக் கட்டையைக் கல்லில் உரசுகிற சத்தம்... சரக்... சரக்... திறந்தாள். கல் இல்லை, கட்டை இல்லை. பையன் கன்னம் இரண்டிலும் வட்டவட்டமாக ஈரத் தனக்கா.

"பாவி முண்டை! பத்து மாசம் சுமந்தவ நான்டி!" என்று வெறும் சுவரைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள். பையன் பயந்துபோய் மூலையில் ஒண்டிக்கொண்டான்.

இன்று காலையில் மோ ஊ போன் செய்தான். குரலே சரியில்லை.

"காலைப்பொழுதாவது நம்மளுதுன்னு இருந்தோம்டா... நேத்து பத்து மணிக்கே கேட்டுட்டான், நீங்க யாருன்னு."