கம்பத்தில் வெள்ளைத் துணி

வெள்ளைத் துணியை வெள்ளையாகவே வைத்திருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை, இன்ஸ்பெக்டர் மேடம். ஆஸ்பத்திரி வார்டில் நர்சாக இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். கறை பட்டதும் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். வெந்நீரை ஊற்றினால் கறை அங்கேயே குடியேறிவிடும். ஏரிக்கரை மரவீட்டில் எங்களுக்குக் கொடுத்த வெள்ளைத் துணி பழுப்பேறிக் கிடந்தது. போனதும் முதல் வேலையாக அதைத் துவைத்துப் போட்டேன். அக்கரையிலிருந்து பார்க்கிறவருக்குப் பளிச்சென்று தெரியட்டும் என்றுதான். அப்போது என் மனதில் வேறொன்றும் இல்லை.

என் வக்கீல் நல்ல பையன். "மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, மத்தத நான் பாத்துக்கறேன்" என்கிறான். எனக்கு மறதி கிடையாது. இத்தனை வருஷ வேலையில் ஒரு நோயாளிக்கு ஒரு வேளை மாத்திரை என்னால் தவறியதில்லை. அதுவும் போக, நான் மறந்திருந்தால் என் தம்பி பெண்டாட்டி பிழைத்திருப்பாள். அந்தப் பையனுக்கு அது இன்னும் பிடிபடவில்லை.

அந்த வீட்டுக்கு ரோடு கிடையாது. மூன்று பக்கமும் ஏரி, பின்னால் மேடு, மேட்டுக்குப் பின்னால் ஏற முடியாத பாறை. போனும் எடுக்காது. விடுமுறைக்கு எங்கள் மூன்று பேரையும் கொண்டுவந்து இறக்கிவிட்ட படகோட்டி, கிளம்புவதற்கு முன்னால் சொன்னார்: "மேட்டு மேல ஒரு கம்பம் இருக்கு. தினம் விடிஞ்சதும் துணி ஏத்துங்க, இருட்டறதுக்குள்ள இறக்கிடுங்க. வெள்ளைன்னா சௌக்கியம். சிவப்புன்னா கைவேலைய அப்படியே போட்டுட்டு வருவேன். ஒண்ணுமே இல்லேன்னாலும் வருவேன். ஏத்தறதுக்குக்கூட ஆளுக்கு முடியலையோன்னுதான அர்த்தம்?"

தம்பி சிரித்தான். "எங்கக்கா இருக்கறப்போ கம்பம் காலியா இருக்குமாண்ணே? சூரியனையே அவதான் எழுப்பி விடுவா."

அப்படித்தான் அந்த வேலை எனக்கு வந்தது.

தம்பி என்கிறேனே தவிர, அவன் என் பிள்ளை. அம்மா போனபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. எனக்கென்று வந்த வரன்களை எல்லாம் நானே தட்டிக் கழித்தேன். அவனுக்குப் பெண் பார்த்ததும் நான்தான். அவளைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். கொஞ்சம் வாயாடி, ஆனால் கள்ளம் கிடையாது. "ஹெட் நர்ஸ் அண்ணி ரவுண்ட்ஸ் வர்றாங்க, எல்லாரும் நேரா படுங்க" என்று கேலி பண்ணுவாள். எனக்கே சிரிப்பு வந்துவிடும்.

முதல் நாள் சாயங்காலம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். தம்பி எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, கோவிச்சுக்காத. வெளிநாட்டுல வேலை கெடச்சிருக்கு. அடுத்த மாசம் நாங்க ரெண்டு பேரும் கெளம்பறோம்."

"எத்தன வருஷத்துக்குடா?"

அவன் அவளைப் பார்த்தான். அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அங்கயே இருந்துடலாம்னு பாக்கறோம், அண்ணி."

நல்லா இருங்க என்றேன். மிச்ச வெங்காயத்தையும் நறுக்கி முடித்தேன். அந்த வீட்டில் ஒரே அறை, ஒரே ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர், தண்ணீரைத் தவிர வேறு எதுவும் இல்லை. எழுந்து வெளியே போகலாம் என்றால் போவதற்கு இடமில்லை.

மறுநாள் விடியும்போதே அவளுக்கு வயிற்று வலி. முதலில் தொப்புளைச் சுற்றி இருந்தது, பிறகு வலது பக்கம் அடிவயிற்றுக்கு இறங்கியது. வாந்தியும் எடுத்தாள். நான் அந்த இடத்தில் மெதுவாக அழுத்திவிட்டுக் கையை எடுத்தேன். எடுத்தபோதுதான் அலறினாள். அது குடல்வால் வீக்கம். நர்சிங் படிக்கிற பெண்களுக்கு முதல் வருஷமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

"என்னக்கா?" என்றான் தம்பி.

"வாயுடா. ராத்திரி உருளைக்கிழங்க ஒரு கட்டு கட்டினா இல்ல?"

"எதுக்கும் செவப்பு ஏத்திடலாமாக்கா?"

"ஏத்தறேன். நீ அவ பக்கத்துலயே இரு."

சிவப்பை அவன் கண்முன் கையில் எடுத்துக்கொண்டேன். வெள்ளையை மடித்து இடுப்பில் செருகியிருந்தேன். கம்பம் மரங்களுக்கு அந்தப் பக்கம், வீட்டிலிருந்து தெரியாது. மேட்டில் நின்று ஆற அமர யோசித்தேன். ஒரு நாள் வலித்தால் பயந்துபோவாள். பயந்துபோனால் பயணம் தள்ளிப்போகும். வீட்டில் ஒரு நர்ஸ் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இரண்டு பேருக்கும் உறைக்கும். ஒரே ஒரு நாள்தானே என்று வெள்ளையை ஏற்றினேன். அக்கரையில் படகோட்டி வலை இழுத்துக்கொண்டிருந்தார், எறும்பு மாதிரி தெரிந்தார்.

படகு வரவில்லை. காற்று ஜாஸ்தி, எடுக்க மாட்டார் என்றேன். நம்பினான். மறுநாளும் சிவப்பை எடுத்துக்கொண்டு போனேன், வெள்ளையை ஏற்றினேன். அவன் துறையில் நின்று தொண்டை கட்டும்வரை ஏரியைப் பார்த்துக் கத்தினான். பாறையில் ஏறப் பார்த்து, உள்ளங்கை உரிந்து திரும்பி வந்தான். நான்தான் கட்டுப் போட்டேன். ஒரு தடவை கம்பத்துப் பக்கம் கால் வைத்தான். "அவளத் தனியா விட்டுட்டா போற?" என்று கேட்டேன். அப்படியே திரும்பிவிட்டான். சின்ன வயதிலிருந்தே என் சொல்லைத் தட்டாத பிள்ளை.

அன்றைக்கு மத்தியானம் அவள் சிரித்தாள். "வலி நின்னுடுச்சு, அண்ணி. சட்டுனு போயிடுச்சு."

தம்பி என் தோளில் சாய்ந்து அழுதான். "நீ மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன்க்கா."

அப்படிப்பட்ட வலி சட்டென்று நின்றால் உள்ளே உடைந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு அது தெரியும். அப்போது படகு வந்திருந்தாலும் காப்பாற்றியிருக்கலாம், அதுவும் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரியில் டாக்டர் தம்பியைக் கேட்பார், யார் இதை வாயு என்று சொன்னது என்று. அவன் என்னைத் திரும்பிப் பார்ப்பான். அதை என்னால் தாங்க முடியாது, மேடம். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

அதற்கப்புறமும் தினமும் விடிந்ததும் மேடு ஏறினேன். இதைத்தான் வக்கீலுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. ஒரு நாள் காலையில் நான் தூங்கிப்போயிருந்தால் போதும், காலிக் கம்பத்தைப் பார்த்து அந்த மனிதர் வந்திருப்பார். சும்மா இருந்திருந்தாலே அவள் பிழைத்திருப்பாள். நான் சும்மா இருக்கவில்லை. மழையில் ஒரு நாள் வழுக்கி விழுந்து முட்டி பெயர்ந்தது. அப்போதும் எழுந்து போய் ஏற்றினேன்.

கவனிப்பில் மட்டும் குறை வைக்கவில்லை. ஈரத்துணியால் துடைத்தேன், புரட்டிப் படுக்கவைத்தேன், உதடு காயாமல் பார்த்துக்கொண்டேன். காய்ச்சல் வேகத்தில் என்னை அம்மா என்று கூப்பிட்டாள். என்னம்மா என்றுதான் நானும் கேட்டேன். கண்ணை மூடியபோது அவள் தலை என் மடியில் இருந்தது.

அன்றைக்குத்தான் சிவப்பு ஏற்றினேன். நான் இறங்கி வருவதற்குள் படகுச் சத்தம் கேட்டது.

தம்பி அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். "இத்தன நாளா எங்கய்யா செத்துப்போயிருந்த?"

படகோட்டி அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன தம்பி சொல்றீங்க? தெனம் வெள்ளைதான பறந்துச்சு? அவ்வளவு சுத்தமான வெள்ளைய இந்தக் கம்பத்துல நான் பாத்ததே இல்ல."

தம்பி சட்டையை விட்டான். நான் கையில் போட்டுவிட்ட கட்டை அவிழ்த்து, அந்தத் துணியை ஏரியில் போட்டான்.

வெள்ளையை ஏற்றியது நான்தான், ஒவ்வொரு நாளும் தெரிந்தே ஏற்றினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். என்னைப் பார்க்க அவன் இன்னும் வரவில்லை. கோபம் இருக்கும்தானே, தணிந்ததும் வருவான். வக்கீல் சொன்னான், அவன்தான் முக்கியமான சாட்சியாம், கேஸ் முடிகிறவரை ஊரை விட்டுப் போகக் கூடாதாம். வீட்டில்தான் இருக்கிறானாம். சாப்பிடுகிறானா என்று மட்டும் யாரையாவது விட்டுக் கேட்டுச் சொல்லுங்கள். மற்றபடி நீங்கள் நிதானமாகவே எழுதுங்கள், மேடம். கேஸ் எத்தனை வருஷம் நடந்தாலும் எனக்குப் பரவாயில்லை.