போத்தல் நிறையப் புளியங்கொட்டை

— அந்தப் போத்தலை மழை வெளிச்சத்துல தூக்கிப் பாருங்களேன், லாசரஸ் தம்பி. கொட்டையெல்லாம் ஆத்துக்கடியில கெடக்கற மாதிரி மின்னுது.

— அழகாத்தான் இருக்கு, மேரியக்கா. அதுவே உங்களுக்கு வினையாயிடுச்சு. அதாவது, கணக்குக்காக எல்லா வார்டுலயும் காலையில வலிக்குதுன்னு சொல்ற ஒவ்வொருத்தருக்கும் ஒரு புளியங்கொட்டை போடச் சொன்னேன்ல? உங்க வார்டு போத்தல் கழுத்து வரைக்கும் வந்துடுச்சு. பூவம்மா நர்சு வார்டுல அடிகூட மூடலை.

— டாக்டர் தொரை பாத்துட்டாரா?

— பாத்துட்டார். இத்தனை பேரு வலியில கெடந்தா தலைமை நர்சா இருக்க இவங்க லாயக்கில்லை, சலவைக் கொட்டகைக்கு அனுப்புன்னுட்டார். நான்தான், பக்குவமா சொல்லித் தரேன், கொஞ்ச நாள் குடுங்கன்னு கெஞ்சிட்டு வந்தேன்.

— இந்த ஜன்னலை விட்டுட்டு எங்க போவேன் தம்பி? சிராங்கூன் ரோட்டு எருமைங்க மழையில மெதந்து போற மாதிரி இருக்கு பாருங்களேன். அதப் பாத்துக்கிட்டே படுத்திருக்கற இந்தப் பொம்பளைங்க எல்லாம் கண்ணசந்துடுவாங்க. எனக்குப் பயமா இருக்கு.

— அதாவது, எனக்கு ஒண்ணு புரியலை. வலி அதிகம் உங்க வார்டுல. ஆனா குணமாகி முதல்ல வீட்டுக்குப் போறதும் உங்க வார்டுதான். காலையில என்னன்னு கேக்கறீங்க?

— மத்தவங்க என்ன கேக்கறாங்க?

— உடம்பு எப்படி இருக்குன்னு.

— அதுக்கு நம்ம பொம்பளைங்க, பரவாயில்லைம்மாம்பாங்க. உசிரு போறப்பவும் அதான் சொல்லுவாங்க. நான் அப்படிக் கேக்கறதில்ல. கை எங்க வைக்கட்டும்னு கேப்பேன். அந்த முத்தாயி கண்ணைத் தெறக்காமலே என் கையை எடுத்து அடிவயித்துல வச்சிக்கிட்டா. அங்க கட்டி இருக்கறதே அப்பதான் தெரிஞ்சுது.

— கை எங்க வைக்கட்டும்னா கேப்பீங்க?

— ஆமா. ஏன் தம்பி, மொகம் வாடிப் போச்சு? வேணும்னா நாளையிலேர்ந்து நானும் எப்படி இருக்குன்னே கேட்டுடறேன். போத்தல் தன்னால கொறைஞ்சிடும்.

— வேணாம்க்கா. தொரைகிட்ட நான் பேசிக்கறேன். இனிமே எல்லா வார்டுலயும் நீங்க கேக்கற மாதிரியே கேக்கச் சொல்லப் போறேன். எல்லாப் போத்தலும் நெறையட்டும்.

— உங்களையும் சேத்துச் சலவைக்கு அனுப்பிடுவாரு.

— அனுப்பட்டும். இப்போ பூவம்மா வார்டு வரைக்கும் என்கூட வர முடியுமா?

— மழை விடட்டுமே. அங்க யாரு இருக்கா?

— எங்கம்மா. தெனமும் போய் எப்படி இருக்குன்னு கேக்கறேன். பரவாயில்லைப்பான்னுதான் சொல்றாங்க.